என் காலுக்குப் போட்ட கணக்கு

கொரோனா ஓய்ந்து கல்லூரிகள் மறுபடி திறந்த சமயம். ராஜபாளையம் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் பேராசிரியை, வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். சிறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால், இடது காலைத் தாங்கும் இரும்புச் சட்டமான காலிப்பரை மாட்டித்தான் நடப்பேன். அன்று மாலை பஸ்ஸை விட்டு இறங்கும்போது அதன் பக்கப் பட்டை பட்டென்று முறிந்தது. பின்னால் இறங்கிய பெண்கள் தாங்கிப் பிடிக்காவிட்டால் தலை தரையில் மோதியிருக்கும்.

மறுநாள் கணவர் ஒரு லேத் பட்டறைக்கு அழைத்துப் போனார். பட்டறைக்காரர் காலிப்பரை மேசைமேல் வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் தடிமனா பட்டை போட்டுத் தாரேன் மேடம். இனி ஒடையாது" என்றார்.

தடிமன் என்றால் எடை. ஏற்கெனவே அதை இழுத்து இழுத்து இடுப்பு வலி. காலை விட்டுத் தனியாகக் கிடந்த அந்த இரும்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஆராய்ச்சியே அதுதான்: ஒரு பொருளுக்குள் பாரம் எந்த வழியாக இறங்குகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு, பாரம் போகாத இடத்து உலோகத்தை எடுத்துவிடுவது. பாலத்துக்குப் போட்டிருக்கிறேன், விமானப் பாகத்துக்குப் போட்டிருக்கிறேன். என் காலுக்குப் போட்டதே இல்லை.

"தடிமன் வேண்டாம் அண்ணாச்சி. நான் வரைஞ்சு தாரேன், அலுமினியத்துல வெட்டிக் குடுங்க."

"கால் விஷயம் மேடம், வெளையாடாதீக!"

புதுசு தயாராகும்வரைக்கும் பழசை வெல்டிங் வைத்து மாட்டிக்கொண்டேன். அரை மனதோடு அவர் வெட்டித் தந்த புதுப் பட்டையைக் கல்லூரி ஆய்வகத்தில் திரும்பத் திரும்ப வளைத்துச் சோதித்தோம். விரிசல் விட்டது. அடுத்ததும் அப்படியே.

"விட்டுரு. நீ விழுந்து இடுப்பு ஒடிஞ்சா என்ன செய்ய?" என்றார் கணவர்.

"விழாம இருக்கத்தான் பாக்கேன். நான் நடக்கிறத வீடியோ எடுங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எங்கள் கல்யாண வீடியோவில்கூட நான் நடந்து வரும் இடத்தைப் பார்க்காமல் தாண்டிவிடுவேன் என்பது அவருக்குத் தெரியும். வராந்தாவில் நடந்தேன், எடுத்தார். முதல்முறை பார்த்தபோது அழுகைதான் வந்தது. கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். ஒவ்வொரு அடிக்கும் கால் வெளிப்பக்கமாக வீசி, ஊன்றும்போது முறுக்கிக்கொண்டது. நானோ நேராக இறங்கும் பாரத்தை மட்டுமே கணக்கில் எடுத்திருந்தேன். முறுக்கையும் சேர்த்துப் புதிதாகப் போட்டேன். அங்கங்கே துளை விழுந்து, விநோதமான உருவம் வந்தது. வெட்டிச் சோதித்தபோது அது தாங்கியது. எலும்பு மருத்துவரும் பரிசோதித்துச் சம்மதம் சொன்னார்.

அதை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடுவரை கணவரோடு பேசிக்கொண்டே நடந்தேன். வாசலில்தான் அவருக்கு உறைத்தது.

"ஏட்டி, எங்கயுமே செத்த நேரம் உக்காரலயே நீ!"

இப்போது வத்திராயிருப்பில் தையல் கடை வைத்திருக்கும், என்னைப்போலவே காலிப்பர் மாட்டும் ஒரு பெண்ணுக்காகப் பட்டை வரைந்துகொண்டிருக்கிறேன். அவள் நடை வேறு, கணக்கும் வேறு. உடம்போடு ஒட்டிப்போனது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அவள் எந்தப் பாரத்தைச் சொன்னாலும், ஒருமுறை கழற்றி மேசைமேல் வைத்துப் பார்க்காமல் நான் ஒப்புக்கொள்வதில்லை.