ரீல் தூண்டிலும் அப்பாவின் ஞாயிற்றுக்கிழமையும்

எங்கள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் கொழும்பிலிருந்து, நூலைச் சுற்றி இழுக்கிற ஒரு ரீல் தூண்டில் வாங்கி வந்திருக்கிறார். அதனால் மீன் பிடிக்கிற சுகம் கூடுமா கெடுமா என்று ஆசிரியர்கள் இரண்டு நாளாக வாதாடுகிறார்கள். என்னையும் கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டுத் திருத்த வேண்டிய கொப்பிகளை இழுத்துக்கொண்டேன். தெரியாமல் இல்லை. சொல்ல அலுப்பாக இருந்தது.

அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வாடிய கொழுந்தை ரோலருக்குள் கொட்டுவதும், அரைபட்டதை அள்ளுவதும். ஆறு நாளும் சிமெந்துத் தரையில் நின்றபடியே செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மூங்கில் கம்பை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஆற்றுக்குப் போவார். பாறையில் உட்காருவார். அவ்வளவுதான். கெண்டை சில நாள் கிடைக்கும், பல நாள் கிடைக்காது.

"மீனுக்கா போறாரு? ஒக்காரப் போறாரு" என்பாள் அம்மா.

எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். நான் ஆசிரியையான வருடத்தில், தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பினார். பங்களாச் சாமான்களை விற்றார்கள். மற்றவர்கள் பீங்கானும் கம்பளியும் வாங்கினார்கள். நான் அவருடைய ரீல் தூண்டிலை வாங்கினேன். பெட்டிக்குள் ஆங்கிலத்தில் ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. உள்ளதைச் சொன்னால், அந்தப் புத்தகத்துக்காகத்தான் வாங்கினேன். நான் அதை வாசித்து அப்பாவுக்குச் சொல்லிக் கொடுப்பதை எங்கள் வீட்டு வரிசையான லயம் முழுவதும் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

பார்த்தார்கள். முதல் ஞாயிறு அப்பா அதைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கியபோது பக்கத்துக் காம்பராவில் குடியிருந்தவர் வாசலிலேயே எழுந்து நின்றுவிட்டார்.

"ஒரு தொர கப்பலேறிட்டாருன்னு பாத்தா, லயத்துக்குள்ளயிருந்து இன்னொரு தொர எறங்குறாரே! சலாமுங்க தொர!"

"கொழம்பு வச்சா ஒனக்கு முள்ளு கூடக் கெடையாது, போடா" என்றார் அப்பா.

முதல் இரண்டு வாரம் நூல் சிக்கியது. நான் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு, விரலை எங்கே வைப்பது, எப்போது விடுவது என்று பாறைமேல் நின்று வாசித்தேன். மூன்றாம் வாரம் நூல் சீறிக்கொண்டு நடு ஆற்றில் போய் விழுந்தது. கம்புக்கு எட்டாத ஆழத்தில் கிடந்த மீன்களெல்லாம் வந்தன. அந்தச் சாமானில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

"நல்ல சாமான்தான் பாப்பா. என்ன, சும்மா இருக்க விடமாட்டேங்குது. சுத்து, சுத்துங்குது" என்றார் அப்பா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

தவறு அதற்குப் பிறகு நடந்தது. மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஒருநாள் பாதையில் என்னை நிறுத்தி, "அப்பா பெரிய மீனெல்லாம் புடிக்கிறாராமே?" என்று கேட்டார். ரீலை அப்பா எப்படிப் பழகினார், எந்தச் சிக்கையும் எப்படி நிமிடத்தில் எடுத்துவிடுகிறார், எல்லாவற்றையும் நான் சொன்னேன். புத்தகத்தையும் விடாமல் சொன்னேன்.

அம்மா தலையில் கை வைத்தாள். "ஒரு கைவேல தெரியும்னு கண்டாக்குகிட்ட எவளாச்சும் சொல்லுவாளா? இவ்வளவு படிச்சும் இது தெரியலையேடி!"

புதிய துரை நம் நாட்டுக்காரர், இளவயது. அவரும் ஒரு ரீல் தூண்டில் வாங்கி, அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சனிக்கிழமையே ஆள் வந்தது. "நாளைக்கு விடியக்கால பங்களாவுக்கு வரச் சொன்னாங்க. ஆத்துக்கு." அடுத்த சனிக்கிழமையும் வந்தது. பிறகு ஆள் வரத் தேவையில்லாமல் அப்பாவே போனார்.

கூடையைச் சுமப்பார், புழு கோர்ப்பார், சிக்கெடுப்பார். மற்ற நேரமெல்லாம் நிற்பார். துரைக்கு முன்னால் தொழிலாளி உட்காருவதில்லை. யாரும் சட்டம் போட்டதில்லை, யாரும் உட்கார்ந்ததும் இல்லை. இப்போது ஏழு நாளும் நின்றார். ஞாயிறு மாலை திரும்பி வந்து, அம்மா வைத்த உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்துக்கொள்வார். எங்கள் ரீல் சுவரோரம் கிடந்தது.

ஏழாவது வாரம் நானும் கூடப் போனேன். அப்பா வேண்டாம் என்றார். நான் நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன். துரை மடக்கு நாற்காலியில் இருந்தார். என்னை டீச்சர் என்று மரியாதையாகவே அழைத்தார். அப்பா அவருக்கு இரண்டடி பின்னால், ஈரப் புல்லில், கூடையோடு நின்றார். வெகுநேரம் பார்த்தேன். பிறகு ஆங்கிலத்தில் கேட்டேன், என் தகப்பனார் உட்காரலாமா என்று. ஒரு பிழையும் இல்லாத வாக்கியம். இரவெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தது.

துரை நிஜமாகவே திகைத்தார். அப்பாவைத் திரும்பிப் பார்த்து, அரைகுறைத் தமிழில், "ஐயோ, ஒக்காரு, ஒக்காரு! நான் வேணாம் சொல்ல இல்லையே!" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு ஒரு கல்லின் ஓரத்தில், முழங்கால்மேல் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். துரை இருமினால் பாதி எழுந்தார். துரை நூலை இழுத்தால் முழுதும் எழுந்தார். ஒரு மீன் மாட்டியது. அப்பா ஓடிப்போய் தூண்டில் முள்ளைக் கழற்றிவிட்டு நின்றார். "ஒக்காரு!" என்றார் துரை மறுபடி. இந்தத் தடவை அதில் கொஞ்சம் அதட்டல் இருந்தது. அப்பா உட்கார்ந்தார்.

மேலே ஏறி வரும்போது தேயிலைச் செடிகளுக்கு நடுவில் காலில் ஏறிய அட்டையைக் கிள்ளிப்போட நின்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"நிக்கிறப்ப காலு மட்டுந்தான் பாப்பா வலிச்சிச்சு."

அடுத்த ஞாயிறும் பங்களாவுக்குப் போனார். நான் கூடப் போகவில்லை.