காணாமல் போன கழித்தல் குறி

அந்தப் பள்ளி அலுவலகத்தில் நகல் எடுக்கும் பெண்ணுக்குப் பெயர் இருந்தது. ஆனால் பிள்ளைகள் முதல் தலைமை ஆசிரியர் வரை எல்லோருக்கும் அவர் ஜெராக்ஸ் அக்காதான். மாடிப்படிக்குக் கீழே ஒரு சிறிய அறை, அவரும் அவரது இயந்திரமும். பதினோரு வருடமாக இதுதான் வேலை.

அந்த முறை பத்தாம் வகுப்பு கணக்குத் தேர்வில் நாற்பது பேரில் ஒன்பது பேர்தான் தேறினார்கள். கணக்கு டீச்சர் மூன்று நாள் வகுப்பை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டார். பெற்றோர் கூட்டத்துக்காகத் திருத்திய விடைத்தாள்களை நகலெடுக்க அக்காவிடம் அனுப்பினார்.

பத்துத் தாள் போவதற்குள் அக்காவின் கை நின்றது. மூன்று கணக்குகளில் எல்லோருக்கும் சிவப்புக் கோடு. எல்லோரும் எழுதியிருந்ததும் ஒரே விடைதான். வகுப்பில் முதலாவதாக வரும் பெண்ணும் அதையே எழுதியிருந்தாள். தான் நகலெடுத்ததில் மிச்சமிருந்த வினாத்தாள் ஒன்றையும் டீச்சர் கொடுத்த மூலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மூலத்தில் −2, −4, −7. நகலில் 2, 4, 7. இயந்திரம் தாளின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய பட்டையை அச்சிடாமலே விட்டிருந்தது. மூன்று குறிகளும் அதில் அடிபட்டுப் போயிருந்தன.

சொல்லாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஆனாலும் தாள்களை அள்ளிக்கொண்டு படியேறினார்.

"டீச்சர், பிள்ளைங்க மேல தப்பில்ல. என் மெஷின்தான் மைனஸத் தின்னுடுச்சு."

டீச்சர் இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். முதலில் முகம் வெளுத்தது, பிறகு சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ அக்கா, பிள்ளைங்களப் பாத்து மூளையே இல்லையான்னு கேட்டுட்டேனே."

அன்று மதியமே வகுப்பில் மன்னிப்புக் கேட்டார். ஆளுக்குப் பதினைந்து மதிப்பெண் வரை ஏறியது. இருபத்தாறு பேர் தேறினார்கள். பிள்ளைகள் மேசையைத் தட்டிய சத்தம் கீழே அக்காவின் அறை வரைக்கும் கேட்டது.

ஆனால் டீச்சரை யோசிக்க வைத்தது அடுத்த தேர்வு. அதே பாடம், அதே டீச்சர். இந்த முறை நான்கு பேர் மட்டுமே தவறினார்கள். முன்பு தமக்குக் கணக்கு வராது என்று நம்பி, தாளைப் பார்த்ததுமே பேனாவை மூடி வைத்த பிள்ளைகள் கடைசி மணி வரை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

நகலெடுக்க வந்த டீச்சர் அலுத்துக்கொண்டதும், "இப்ப என்ன டீச்சர் குறை?" என்று கேட்டார் அக்கா.

"முன்னாடி மார்க் வாங்கிட்டுப் பேசாமப் போயிடுவாங்க. இப்ப அரை மார்க் ஏன் குறைச்சீங்கன்னு வரிசையில நின்னு சண்டைக்கு வர்றாங்க அக்கா. சாப்பிடக்கூட விட மாட்டேங்கிறாங்க," என்றார் டீச்சர், முகமெல்லாம் சிரிப்பாக.