பனிவேலி நின்ற இடம்

தனாசெ சாலைத்துறையில், காற்றில் வரும் பனி சாலையில் குவியாமல் தடுக்கும் பனிவேலி நடுகிறவர். இலையுதிர்காலம் வந்தால் பராகான் சமவெளி வயல்களில் பலகை வேலிகளை நடுவார். வசந்தத்தில் பிடுங்கி அடுக்குவார். பலகை அகலம் எவ்வளவோ, அவ்வளவு இடைவெளி. "இத்தனை ஓட்டையா? பனி உள்ளே வந்துடாது?" என்று புது ஆட்கள் கேட்பார்கள். "வரணும்னுதான் ஓட்டை விட்டிருக்கு, ராசா" என்பார்.

அவர் மகள் ஸ்மராண்டா புக்கரெஸ்டில் அதையே கணக்காகப் படித்தவள். இடைவெளியில் நுழைந்த காற்று மறுபுறம் நெடுந்தூரம் தளர்ந்து நகரும். சுமந்து வந்த பனியை அங்கே போட்டுவிடும். அடைத்த சுவர் என்றால் பின்னால் சுழன்றடிக்கும்; பனி சுவரடியிலேயே குவிந்து சீக்கிரம் நிரம்பிவிடும். ஓட்டை வேலிதான் அதிகப் பனியைப் பிடிக்கும். ஆனால் பிடிப்பதெல்லாம் வேலிக்குப் பின்னால்தான் விழும். அதனால் அது சாலையை விட்டுத் தள்ளி, நடுவயலில் நிற்க வேண்டும்.

ஒரு வருடம், வேலி நடும் வயல்களில் ஒன்றின் சொந்தக்காரன் கோர்னெல் வீட்டுக்கு வந்தான். அவன் கல்யாணத்தை ஞானப்பெற்றோராக முன்னின்று நடத்தியவர்கள் தனாசெயும் மனைவி இலிங்காவும்.

"ஞானப்பா, கோதுமை முளைச்சிடுச்சு. நடுவயல்ல வேலி ஏத்தின வண்டியை விட்டு மிதிச்சா எனக்கு என்ன மிஞ்சும்? கொஞ்சம் ரோட்டுப் பக்கமா நட்டுக்குங்க."

"பனி நீ சொல்ற இடத்துலயாடா விழும்?"

சூப் ஊற்றிக்கொண்டிருந்த இலிங்கா கரண்டியை ஆட்டினாள். "ஒரு வருஷம்தானே! நாம கட்டி வெச்ச பய. வேலி மேல வெச்ச பாசத்துல பாதி என் மேல வெச்சிருந்தா நான் இன்னும் குமரியா இருப்பேன்."

தனாசெ சிரித்துவிட்டார். வேலியைச் சாலைக்கு நெருக்கமாக நட்டார்.

ஜனவரியில் பனிப்புயல் அடித்த நாளில் இலிங்காவுக்கு நெஞ்சு வலித்தது. நகரத்திலிருந்து கிளம்பிய ஆம்புலன்ஸ் கோர்னெலின் வயலருகே ஆளுயரப் பனிமேட்டில் சிக்கியது. மற்ற இடங்களில் சாலை திறந்தே இருந்தது. பனி தள்ளும் வண்டி வந்து வழி திறப்பதற்குள் இலிங்கா போய்விட்டாள்.

பாதிரியார் கடவுள் சித்தம் என்றார். அந்தக் காற்றுக்கு எந்த வேலியும் தாங்காது என்றார்கள் பக்கத்து வீட்டார். கோர்னெல் வாசலில் நின்று அழுதான். தனாசெ அழவில்லை. தட்டில் வைத்த மக்காச்சோளக் களியான மமலிகா அப்படியே ஆறிக் கிடந்தது.

நாற்பதாம் நாள் படையலுக்கு, கோலிவா என்ற இனிப்புப் பண்டம் செய்ய ஸ்மராண்டா கோதுமை களைந்துகொண்டிருந்தாள். தனாசெ எதிரே வந்து உட்கார்ந்தார்.

"நீ படிச்சவ. வேலி பழைய இடத்துல இருந்திருந்தா வண்டி வந்திருக்குமா?"

நழுவ வழி இருந்தது. காற்றின் திசை, பனியின் அளவு, எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று சொல்லிவிடலாம். வாயெடுத்தாள். அவர் கண் அவள்மேலேயே இருந்தது.

"வந்திருக்கும்பா."

அவர் தலையசைத்தார். "எல்லாரும் இல்லை இல்லைங்கிறாங்க. எனக்கு மட்டும் பைத்தியமோன்னு இருந்துச்சு."

 பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்கம்மா சொல்லித்தான் நட்டேன்னு வெளியில பேச்சு வரக்கூடாது. கோர்னெலையும் வாய் திறக்கவேண்டாம்னு சொல்லிடு. நட்டது என் கை."

"சரிப்பா."

அப்போதுதான் அவர் அழுதார். ஸ்மராண்டா ஈரக்கையோடு அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.