லேபிள் கெடாத பாட்டில்கள்

கச்சேரி ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் கரீமுல்லாவின் பழைய பாட்டில் கடை இருந்தது. கடை அவர் பேரில். பாட்டில்களைச் சுத்தம் பண்ணுவது அவர் மனைவி அஃப்சருன்னிசா. கடைக்குப் பின்னாலேயே வீடு. குழாயடியில் இரண்டு அண்டா. மயிலாப்பூர் வீடுகளிலிருந்து வருகிற ஜாம் பாட்டிலும் ஊறுகாய் பாட்டிலும் சத்துமாவு பாட்டிலும் அந்த அண்டாக்களில் சலவை சோடா கரைத்த வெந்நீரில் ஊறும். பசை தடவி ஒட்டிய காகிதம் சமர்த்தாக உரிந்து வந்துவிடும். சமீபமாக வர ஆரம்பித்திருந்த ஸ்டிக்கர்தான் சண்டித்தனம் பண்ணும். காகிதம் போனாலும் பிசுக்கு போகாது. விரலில் ஒட்டும், தூசியை இழுக்கும். அதற்கு மண்ணெண்ணெய் நனைத்த துணி, அப்புறம் சாம்பலும் தேங்காய் நாரும். கழுவிய பாட்டிலைக் கட்டைவிரலால் ஒரு சுற்று தடவிப் பார்ப்பாள். எங்கேயாவது விரல் பிடித்தால் மறுபடி அண்டாவுக்குள் போகும்.

"ஊறுகாய் போடப்போற பாட்டிலுக்கு இவ்ளோ எதுக்கு?" என்பார் கரீமுல்லா.

எதற்கென்று அவருக்கும் தெரியும். மகள் தூபா கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு பால்பவுடர் டப்பா வாங்கினார்கள். டப்பா அசல், லேபிள் அசல். குழந்தை வாந்தியும் பேதியுமாகத் துவண்டு, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றித்தான் கண்ணைத் திறந்தது. டாக்டர் டப்பாவை மோந்து பார்த்துவிட்டு, "இது பால்பவுடரே இல்லம்மா. காலி டப்பாவை வாங்கி எவனோ ரொப்பியிருக்கான்" என்றார். அந்தக் காலி டப்பா எந்தக் கடையிலிருந்து போயிருக்கும்? நம் கடையிலிருந்தே போயிருந்தால்? அந்தக் கேள்வி அவளை விடவே இல்லை. அதற்கப்புறம் லேபிளோடு ஒரு பாட்டில்கூட அந்த வாசலைத் தாண்டியதில்லை. கடை எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்க்காமல் சமையலில் விடமாட்டாள். காய்க்காரி தராசைத் தூக்கினால் இவள் கண் காயில் இருக்காது, காய்க்காரியின் சுண்டுவிரலில் இருக்கும்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம், மழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், சாய்நாத் என்று ஒருவன் வந்தான். நல்ல சட்டை, நல்ல பேச்சு.

"சத்துமாவு பாட்டில், ஜாம் பாட்டில் எல்லாம் ஒரு கோணி நிறைய வேணும் பாய். லேபிளும் மூடியும் கெடக்கூடாது. கழுவவே வேணாம்."

கரீமுல்லாவுக்கு வாயெல்லாம் பல். அஃப்சருன்னிசா முக்காட்டை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"யாருக்குப்பா?"

"கம்பெனிக்கு."

"இன்னா கம்பெனி?"

அவன் தெருவை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டான். "அது எதுக்கும்மா உங்களுக்கு?"

"உள்ளே இன்னா போடுவீங்க?"

"மரத்தூளோ எதையோ ரொப்பிப்போம். யாரு திறந்து பார்க்கப் போறா?" என்று சிரித்தான்.

வெள்ளிக்கிழமை வண்டியோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். எதிர் டீக்கடை பீர் முஹம்மது வேறு வந்து வத்தி வைத்தார்: "பாபி, அந்த ஆளு கோணிமூட்டை, காலி எண்ணெய் டின் எல்லாம் வேன்ல ஏத்திக்கினு போறான். பெரிய கையா கீது."

"போலீசுக்குச் சொல்லலாமாங்க?" என்று கணவரிடம் கேட்டாள்.

"இன்னான்னு சொல்லுவே? பழைய பாட்டில் வாங்க வந்தான்னா?"

அதுவும் நியாயம்தான். ஆனால் அவள் மனசு ஆறவில்லை. வெள்ளிக்கிழமை கரீமுல்லா தொழுகைக்குப் போன நேரத்தில், சாய்நாத்துக்கென்று அவர் கட்டி வைத்திருந்த கோணியை அவிழ்த்து மொத்தத்தையும் வெந்நீரில் இறக்கினாள். கை எரிய எரியச் சுரண்டினாள். சாய்நாத் வந்து நின்றபோது பாட்டில்கள் கண்ணாடி மாதிரி பளபளத்துக்கொண்டு வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. லேபிள்கள் அண்டாவில் கூழாக மிதந்தன.

"ஐயோ, என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க! நாளைக்கு ஷூட்டிங்!"

"இன்னா சூட்டிங்?"

"சினிமாம்மா! மளிகைக்கடை செட்டு. நான் ஆர்ட் டிபார்ட்மெண்ட்."

"கம்பெனின்னியே?"

"சினிமா கம்பெனிதான்!" தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டான்.

அப்போதும் அவள் நம்பவில்லை. போலிச் சரக்கு ரொப்புகிறவன் சினிமா என்று சொல்ல மாட்டானா? "காட்டு, பார்க்கறேன்" என்றாள். தொழுகை முடிந்து வந்த கரீமுல்லாவையும் ஏற்றிக்கொண்டு வேன் பனகல் பார்க்கைச் சுற்றி வடபழனிப் பக்கம் போயிற்று. ஸ்டூடியோ கேட்டில் இருந்த காவல்காரர் சாய்நாத்துக்கு சலாம் போட்டதைக்கூட அவள் முறைத்துப் பார்த்தாள்.

உள்ளே நிஜமாகவே ஒரு மளிகைக்கடை இருந்தது. மூன்றே சுவர். தட்டிப் பார்த்தாள், பலகை. அரிசி மூட்டைக்குள் கையை விட்டாள். மேலாக ஒரு பிடி அரிசி, கீழே வைக்கோல். அலமாரிகள் காலியாக நின்றன, அவளுடைய பாட்டில்களுக்காக.

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. "தப்பு என் பேர்லதான் தம்பி. மனசுல வச்சுக்காதே."

"நான் முதல்லயே சொல்லியிருக்கணும்மா. சினிமான்னா விலையை ஏத்திடுவாங்கன்னு வாயைத் திறக்கல. நானும் உங்களை நம்பல" என்றான் அவன்.

கரீமுல்லா ஊருக்குள் யார் யார் பழைய பாட்டில் விற்கிறார்கள் என்று அவனுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். அஃப்சருன்னிசா காலி அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்: "சூட்டிங் முடிஞ்சா இங்கே வைக்கிற பாட்டிலெல்லாம் எங்கே போகும்?"

"செட் பிரிக்கிறவங்க எடுத்துட்டுப் போவாங்க."

"எடுத்துட்டுப் போயி?"

"வித்துடுவாங்க."

"யாருக்கு?"

"அது யாருக்குத் தெரியும்மா?" என்றான் சாய்நாத். அவள் தூபாவின் கதையைச் சொன்னாள். அவன் வீட்டிலும் அப்போது ஒரு கைக்குழந்தை இருந்தது போல. அந்த டப்பா எந்தப் பேர் போட்டது என்று கேட்டுக்கொண்டான்.

வேறு எங்கெங்கோ அலைந்து அவன் பாட்டில் சேர்த்துவிட்டான், படப்பிடிப்பும் நடந்தது. மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் வேன் மறுபடி சந்துக்குள் வந்தது. சாய்நாத்தே இறங்கி, கோணிகளைக் கொண்டுவந்து குழாயடியில் வைத்தான். "எல்லாம் உங்ககிட்டயே கொண்டுவந்துட்டேம்மா. ஒண்ணு ரெண்டு உடைஞ்சு போச்சு."

அஃப்சருன்னிசா கோணியைக் கவிழ்த்தாள். ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் மரத்தூளைத் தட்டிக் கொட்டினாள். கடைசியில் நிமிர்ந்தாள்.

"உடைஞ்சதோட லேபிள் எங்கே?"

அவன் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் வேனுக்குப் போய், பிரித்து ஏற்றியிருந்த செட் பலகைகளுக்கு அடியில் தேடி, காகிதம் ஒட்டியிருந்த கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கி ஒரு துணியில் முடிந்து கொண்டுவந்தான். அவள் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் எதிர்க்கடைப் பக்கம் திரும்பி, அவனுக்கு ஒரு டீ சொன்னாள்.