சுந்தர்ராஜ் நாற்காலி

தேனி பஜாரில் லாரிக்கும் ஜீப்புக்கும் தவணைக் கடன் கொடுக்கும் கம்பெனியில் பொன்னுராஜ் உதவிக் கணக்கராகச் சேர்ந்த முதல் நாள், முதலாளி ஞானசிகாமணி உள்ளறையிலிருந்து, "சுந்தர்ராஜ்!" என்று கூப்பிட்டார். யாரையோ கூப்பிடுகிறார் என்று இவன் பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தான். பக்கத்து மேஜைப் பால்பாண்டி, "ஏலே, ஒன்னயத்தான். போ" என்றான். சுந்தர்ராஜ் என்பவர் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே வேலையைப் பார்த்தவர். மஞ்சள்காமாலை கண்டு போன மாதம்தான் செத்துப்போயிருந்தார். முதலாளிக்கு வாய்ப்பழக்கம், நாலு நாளில் மாறிவிடும் என்று பொன்னுராஜ் நினைத்துக்கொண்டான். எழுபத்திரண்டில் நினைத்தது அது. எழுபத்தெட்டிலும் மாறவில்லை.

முதலாளி பொல்லாதவர் இல்லை. அதுதான் இதில் கொடுமை. பொல்லாதவராக இருந்தால் மனதுக்குள் திட்டித் தீர்த்துவிட்டாவது தூங்கலாம். இவர் கம்பத்துக்குப் போனால் எல்லோருக்கும் திராட்சை வாங்கி வருகிற மனுஷர். ஆனால் பொன்னுராஜ் கண் எரிய வட்டி போட்டுக் கொடுத்த தாளைக் கொண்டுபோய்த் தலைமைக் கணக்கர் பாராட்டு வாங்கிக்கொண்டு வருவார், தப்பு இருந்தால் மட்டும் உள்ளேயிருந்து "சுந்தர்ராஜ்!" என்று குரல் வரும். டீக்கடைக்காரர்கூட அந்த நாற்காலிக்கென்று செத்தவருக்குப் பிடித்தபடி சீனியைத் தூக்கலாகப் போட்டு அனுப்பினார். இவனுக்கு இனிப்பே ஆகாது. குடித்துக் குடித்து அதுவும் பழகிவிட்டது.

வீட்டிலாவது அவன் பெயர் கேட்கிறதா என்றால் அதுவும் இல்லை. மனைவி செல்வமணி புருஷன் பெயரைச் சொல்லுகிறவள் இல்லை. தேவதானப்பட்டியில் வாய் நிறையக் கூப்பிட்ட அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். தன் பெயரைக் காதால் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று ஒருநாள் யோசித்துப் பார்த்தவனுக்குக் கணக்கே பிடிபடவில்லை.

அந்தச் சித்திரையில் ஒரு மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். உள்ளறையிலிருந்து, "சுந்தர்ராஜ்!" என்று கேட்டது. "இந்தா வந்துட்டேன்யா" என்று எழுந்து ஓடினான். அறை பூட்டிக் கிடந்தது. முதலாளி காலையிலேயே சின்னமனூர் போய்விட்டது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. ஆளில்லாத குரல்கூட அவனை அவ்வளவு பயமுறுத்தவில்லை. யோசிக்காமல் பதில் சொன்ன தன் வாய்தான் பயமுறுத்தியது.

அதற்குப் பிறகு அவனுக்கு ஒரே ஆசைதான், புதுவருஷ ஜெபத்தில் தன் பெயர் வர வேண்டும். வருஷாவருஷம் ஜனவரி முதல் தேதி கம்பெனி திறக்கும்போது முதலாளி எல்லோரையும் முழங்காலில் நிற்கவைத்து ஜெபம் பண்ணுவார். வேலை பார்க்கிற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி ஆண்டவர் கையில் ஒப்புக்கொடுப்பார். பொன்னுராஜின் முறை வரும்போது மட்டும் செத்தவர் பெயர்தான் வந்தது. செல்வமணிக்கு இரண்டு தடவை கரு கலைந்தபோது, தன் வீட்டுக்கு வர வேண்டிய ஆசீர்வாதம் கல்லறைக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று அவன் மனதார நம்பினான். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். மறுபடியும் உண்டாகி, அந்த டிசம்பரில் அவளுக்கு ஏழாம் மாதம்.

கிறிஸ்துமஸ் கழிந்ததும் முதலாளி முன்னால் போய் நின்றான்.

"ஐயா, எம் பேரு பொன்னுராஜ்."

"தெரியாமயா இருக்கு? நாந்தானலே ஒன்னய வேலைக்கு வச்சேன்?"

"புதுவருச ஜெபத்துல அந்தப் பேரச் சொல்லணும்யா. வீட்ல மாசமா இருக்கா."

முதலாளிக்கு மனம் இளகிவிட்டது. "சொல்லிட்டாப் போச்சு. இதுக்குப் போயி கண்ணு கலங்கலாமாலே? போயி வேலையப் பாரு" என்றார். அவன் இன்னும் வாசலைத் தாண்டவில்லை, அதற்குள் "சுந்தர்ராஜ், அந்தக் கதவச் சாத்திட்டுப் போ" என்றார்.

புத்தாண்டுக் காலையில் ஒரு அம்மா வந்து சுவரோரம் நின்றாள். சுந்தர்ராஜின் மனைவி சுகிர்தம் என்று பால்பாண்டி சொன்னான். கம்பெனி கொடுக்கும் சேலையை வழக்கமாக முதலாளி வீட்டிலேயே வாங்கிக்கொள்வாளாம். முதலாளியம்மா ஊரில் இல்லாததால் இங்கே வந்திருந்தாள். எல்லோரோடும் சேர்ந்து அவளும் முழங்கால் போட்டாள்.

முதலாளி கண்ணை மூடினார். பால்பாண்டியை ஒப்புக்கொடுத்தார். பிறகு கொஞ்சம் நிறுத்தினார். சொல்லிவிடுவார் என்று பொன்னுராஜ் காதைத் தீட்டிக்கொண்டான்.

"எங்கள் சுந்தர்ராஜை உம்முடைய கையில் ஒப்புக்கொடுக்கிறேன் அப்பா. அவன் மனைவியின் கர்ப்பத்தின் கனியை ஆசீர்வதியும்."

சுகிர்தம் விருட்டென்று தலை தூக்கினாள். பொன்னுராஜின் பாழாய்ப்போன வாய் எல்லோருக்கும் முந்திக்கொண்டு "ஆமென்" என்றது. அவள் அவனையே பார்த்தாள்.

ஜெபம் முடிந்ததும் கூசிக்கொண்டே அவளிடம் போனான். "மனசுல வச்சுக்காதீங்கக்கா. என்னயத்தான் சொன்னாக. இங்கன என்னய அப்படித்தான் கூப்பிடுறாக."

அவள் முகத்தில் கோபம் இல்லை. "அவுக பேர இங்கன சொல்லி இன்னிக்குத்தான் தம்பி கேக்குறேன். உசுரோட இருந்த வரைக்கும் அவுகளை ராஜமணின்னுதான் கூப்பிட்டாகளாம்."

"ராஜமணி யாருக்கா?"

"அவுகளுக்கு முன்னாடி அந்த நாற்காலியில இருந்தவராம். அவரும் வேலையில இருக்கையிலேயே போய்ச் சேந்துட்டாராம். 'எம் பேர ஒரு நாளாவது சொல்ல மாட்டாகளா'ன்னு ஆசுபத்திரியிலயும் பொலம்பிக்கிட்டே கெடந்தாக." முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "இப்பச் சொல்றாகளே தம்பி. கேக்க அவுகதான் இல்ல."

அவள் படியிறங்கிப் போன பிறகும் பொன்னுராஜுக்கு நாற்காலியில் உட்கார மனம் வரவில்லை. உள்ளேயிருந்து குரல் வந்ததும் எழுந்து போனான்.

சாயங்காலம் செல்வமணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே காத்திருந்தாள். "பேரச் சொன்னாகளா?" என்று கேட்டாள்.

"இந்தத் தடவை இல்ல" என்றான் பொன்னுராஜ். "பின்னால கட்டாயம் சொல்லுவாக."