திரைக்குப் பின்னால் பிடித்த காது

காதைப் பிடித்துக்கொண்டு பேசினால் அது குரலில் தெரியும் என்று நான் நம்பினேன். விவரம் தெரியாத வயதில் அல்ல. எனக்குப் பெண் பார்க்கத் தொடங்கியிருந்த வயதில். ஏழெட்டு வாரம் அப்படி நம்பிக்கொண்டு திரிந்தேன். அந்த வாரங்களில் நன்றாகத் தூங்கினேன் என்பதையும் இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

காது விஷயத்தை விளக்க வேண்டும். சப்பான்காரன் மலாய் நாட்டுக்கு வருவதற்கு முன்பு எங்கள் ரப்பர் தோட்டத்து நாடகக் குழுவில் நான் பபூன். செமிலிங்கிலிருந்து பாடாங் மேஹா வரை, தோட்டத்துக் கோயில் திருவிழா என்றால் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். ராஜா வருவதற்கு முன்னால் பபூன் வந்து அரைமணி நேரம் சனத்தைச் சிரிக்கவைக்க வேண்டும். அந்த அரைமணிக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பபூன் இடது காதைப் பிடித்துக்கொண்டு எதைச் சொன்னாலும் அது பொய். கையை எடுத்துவிட்டால் மெய். "எங்க தொரை தங்கமானவரு, ஆளுமேல கையே வைக்க மாட்டாரு" என்று காதைப் பிடித்தபடி சொல்வேன். லயத்து வரிசை வீடுகளின் சனம் உருண்டு சிரிக்கும். முன்வரிசை நாற்காலியில் இருக்கும் வெள்ளைக்காரத் தொரையும் சேர்ந்து சிரிப்பார். எதற்கென்று அவருக்குத் தெரியாது. பால் குடிக்கிற பிள்ளை முதல் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம் அது. தொரைக்கும் போலீஸுக்கும் மட்டும்தான் தெரியாது.

எங்கள் ஆர்மோனியக்காரர் ஒருநாள், "காதப் பிடிச்சா ஒன் கொரலே ஒரு மாதிரி இழுக்குதுடா" என்றார். போதையில் சொன்னாரா, மெய்யாகவே சொன்னாரா, தெரியாது. நான் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

சப்பான்காரன் வந்ததும் நாடகம் நின்றது. கித்தா என்கிற ரப்பரை வாங்க ஆளில்லை, அரிசி இல்லை, துணி இல்லை. ராஜா உடுப்பை வெட்டிப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தார்கள். ஜரிகைச் சட்டையோடு மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிய பிள்ளைகளைக் கொஞ்ச காலம் எங்கள் தோட்டத்தில் பார்க்கலாம்.

ஒருநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் எண்ணும் நேரத்தில், ஒரு லாரி வந்து நின்றது. தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி இறங்கி, "நாடகத்துல கொரல் மாத்திப் பேசுறவன் யாரு?" என்று கேட்டார். எல்லா விரலும் என்னைக் காட்டின. பயத்தில் என் விரலும் என்னையே காட்டியது. தொரை பங்களாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கண்ணாடி போட்ட ஒரு சப்பான் அதிகாரி உட்கார்ந்திருந்தார். மேசைமேல் வாள். மலாய்க்காரர் நாடு விழுந்தது, வெள்ளைக்காரப் பட்டாளம் சரணடைந்தது, அதெல்லாம் ஊருக்கு நடந்தது. அந்த வாளைப் பார்த்ததும் முதலில் சரணடைந்தது என் மூத்திரப்பைதான்.

"நாய் மாதிரி கொரைக்கச் சொல்றாரு" என்றார் கிராணி.

குரைத்தேன். இரண்டு தடவை சொல்ல வைக்கவில்லை. ஆடு கேட்டார், கத்தினேன். குரங்கு கேட்டார், மேசையைச் சுற்றி ஓடியே காட்டினேன். ஓட்டத்தில் பாதி நடிப்பு, பாதி கதவைத் தேடியது. அதிகாரி வாய்விட்டுச் சிரித்து, "பாகுஸ்" என்றார். அவருக்குத் தெரிந்த பத்துப் பதினைந்து மலாய் வார்த்தைகளில் அது ஒன்று. நல்லது என்று அர்த்தம். இப்போது விளம்பரப் படங்களில் பேசுகிற பல்லுக்கும் யானைக்கும் நான் குரல் கொடுத்துப் பிழைக்கிறேன். எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தீர்கள் என்று கேட்பவர்களிடம் ஆர்வத்தால் என்று சொல்லிவைக்கிறேன்.

அதிகாரியின் வேலை தோட்டம் தோட்டமாகப் பொம்மைப் படம் காட்டுவது. கையால் வரைந்த கரடியும் குரங்குகளும் ஓடும் படம். அவை சிரித்துக்கொண்டே தண்டவாளம் போடும். படம் பேசுவது சப்பான் பாஷை. அதனால் சத்தத்தை அடக்கிவிட்டு, திரைக்குப் பின்னால் நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு எல்லா மிருகத்துக்கும் தமிழில் பேச வேண்டும். ரப்பர் ஸ்டோரின் சன்னல்களில் சாக்கு மாட்டி இருட்டாக்கி, வேலை முடிந்த மத்தியானத்தில் காட்டுவோம். படம் முடிந்ததும் அதே குரங்குக் குரலில் ஓர் அறிவிப்பு: "சயாமுக்கு வாங்க, ரயில் ரோடு போட. மூணே மாசம். அரிசி உண்டு, துணி உண்டு, கூலி உண்டு. முடிஞ்சதும் வீட்டுல கொண்டாந்து விட்டுருவோம்." குரங்கு சொன்னால் சனம் கேட்கும் என்பது அதிகாரியின் கணக்கு. எனக்குச் சம்பளம் அரிசி. அதில் பாதியை அக்கா வீட்டுக்குக் கொடுத்துவிடுவேன். அக்கா அப்போது மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள்.

முதல் வாரம் நானும் அந்த அறிவிப்பை நம்பித்தான் பேசினேன். பிறகு பாலிங்கில் ஒரு கடைக்கு முன்னால் ஐந்தடி நடைபாதையில் சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவரைப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரிந்தது. ஈ மொய்த்த காலைத் துணியால் மூடிக்கொண்டு அவர் சொன்னார், "போனவன் வரமாட்டான் தம்பி. பொணத்த அள்ளிப்போடவே அங்க ஆள் பத்தல."

அன்றைக்கே ஓடியிருக்க வேண்டும். நான் ஓடவில்லை, சாமர்த்தியம் செய்தேன். மறுநாளிலிருந்து சயாம் அறிவிப்பு வந்ததும் இடது காதைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் காவலுக்கு நின்ற சிப்பாய் காதைக் காட்டி ஏதோ கேட்டான். "சாக்கிட்" என்றேன், வலி. அன்று சாயங்காலம் அதிகாரியே ஒரு குப்பியைக் கொண்டுவந்து என் தலையைச் சாய்த்து, காதில் இரண்டு சொட்டு மருந்து விட்டார். என் துரோகத்துக்கு அவரே வைத்தியம் பார்க்கிறார் என்று உள்ளுக்குள் சிரித்தேன். ஒவ்வொரு காட்சியிலும் திரைக்கு வெளியே சனமும் சிரித்தது. நான் காதைப் பிடித்துவிட்டது குரலில் தெரிந்து அவர்களுக்குப் புரிந்துவிட்டது என்றே நினைத்தேன். அறிவிப்பு ஓடும்போது, அந்தக் குரங்கு தண்டவாளத்தில் வழுக்கி வழுக்கி விழும் துண்டைத் திரையில் திரும்பவும் ஓட்டுவார்கள். அவர்கள் சிரித்தது அதற்கு.

எனக்கு அது தெரிந்தது அக்கா வீட்டுக்காரர் மூலம். அவரை நான் மாமா என்பேன். பால்மரம் வெட்டுவதில், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பதில், எங்கள் தோட்டத்தில் அவர் கைக்கு ஈடில்லை. பேச்சு மட்டும் குறைவு. ஒருநாள் அரிசியோடு போனபோது மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார்.

"மாப்ள, பேரு குடுத்துட்டேன். நாளன்னிக்கு லாரி."

"எந்த லாரி?"

"சயாம் லாரிதான். நீதான மூணு மாசம்னு சொன்ன? புள்ள பொறக்கறதுக்குள்ள வந்துருவேன்."

"மாமா, நான் காதப் பிடிச்சிக்கிட்டில்ல சொன்னேன்!"

"எங்க பிடிச்ச? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் கொரங்குதான்."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பாலிங்கில் பார்த்த காலைப் பற்றிச் சொன்னேன், ஈயைப் பற்றிச் சொன்னேன். பயத்தில் என் குரல் குரங்குக் குரலாகவே வந்தது. அக்கா அடுப்பங்கரையிலிருந்து, "போதும்டா, இதுலயுமா வெளயாட்டு?" என்றாள். அதற்கு முன் மாமாவிடம் நான் அவிழ்த்துவிட்ட கதைகள் கொஞ்சநஞ்சமல்ல. கிராணி செத்துவிட்டார் என்று சொல்லி ஒருமுறை அவரை மாலையோடு அனுப்பியிருக்கிறேன்.

மாமா மண்வெட்டியைக் கீழே வைத்தார். "இங்க பாரு மாப்ள. நீ கொண்டாற அரிசிய எத்தன நாளைக்கு நான் வாங்கித் திங்கிறது? எனக்கும் ரோசம் இருக்கு லா. நாளைக்கு நம்ம ஸ்டோர்ல படம் போடறீங்கதான? துணிக்கு முன்னால வா. எங்க கண்ணு காணக் காதப் பிடிச்சிக்கிட்டு அதையே சொல்லு. அப்ப நம்புறேன். அந்தி சாயறதுக்குள்ள ஒங்கக்காவக் கூட்டிக்கிட்டு செமிலிங் பக்கம் அலையாத்திக் காட்டுக்குள்ள எறங்கிர்றேன். நான் மட்டுமில்ல, பேரு குடுத்தவன் அத்தன பேரும் எறங்குவான்."

"சரி மாமா" என்றேன்.

அன்று இரவும் மறுநாள் காலையும் ஒத்திகை பார்த்தேன். வெறும் நாலடி நடக்க வேண்டும், கையைத் தூக்க வேண்டும். பதினைந்து வயதிலிருந்து செய்த வேலை. சப்பான்காரனுக்கு வழக்கம் தெரியாது. காது வலிக்கிறது என்று ஏற்கனவே சொல்லியும் வைத்திருக்கிறேன். இதைவிடப் பத்திரமான வீரத்தை யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று எனக்கு நானே எடுத்துச் சொல்லிக்கொண்டேன்.

ஸ்டோர் நிறைந்திருந்தது. கித்தா நாற்றமும் வியர்வை நாற்றமும். படம் முடிந்தது. நான் மைக்கை எடுத்துக்கொண்டு திரையை விலக்கி முன்னால் வந்தேன். சனம் என்னைப் பார்த்ததும் ஓவென்று கத்தியது. எத்தனையோ நாளாகப் பபூன் முகத்தை அவர்கள் பார்க்கவில்லை. மூன்றாவது வரிசையில் மாமா. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேர் கொடுத்த மற்றவர்களும் அங்கேதான் பார்த்தார்கள். அவர்களுக்கும் மாமா சொல்லியிருக்க வேண்டும்.

படமெறியும் இயந்திரத்தின் பக்கத்தில் அதிகாரி. அவருக்குப் பக்கத்தில் கிராணி. கிராணி தமிழர், எங்கள் நாடகம் ஒன்றுவிடாமல் பார்த்தவர். ஒத்திகையில் இந்த மனிதரை நான் நினைக்கவே இல்லை.

"சயாமுக்கு வாங்க" என்று தொடங்கினேன். இடது கை தொடையோடு ஒட்டிக்கொண்டது. தூக்கு என்று சொன்னேன், தூக்கவில்லை. கிராணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காட்டிக்கொடுப்பாரா மாட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மூன்று மாதம் என்றேன். அரிசி என்றேன். துணி என்றேன். கை ஒருமுறை இடுப்பு வரை வந்தது. வந்து, வேட்டி முடிச்சைச் சரிசெய்துவிட்டு இறங்கிவிட்டது. சனம் சிரித்தது. வீட்டில் கொண்டுவந்து விடுவார்கள் என்றேன். பிறகு குனிந்து கும்பிட்டேன்.

மாமா தலையை ஆட்டினார். பக்கத்தில் இருந்தவரிடம், "நெசந்தான்யா. கைய வெக்கல பாரு" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

திரைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். சிப்பாய் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

மறுநாள் காலை லாரி வந்தது. மாமா மண்வெட்டியோடு ஏறினார். அக்காவிடம் எதையும் தூக்காதே என்றார். பீடோங் ஸ்டேஷனில் அவர்களைச் சரக்குப் பெட்டிகளில் ஏற்றினார்கள். நான் ஸ்டேஷனுக்குப் போகவில்லை; அன்று மத்தியானம் வேறொரு தோட்டத்தில் படம் இருந்தது. அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சண்டை முடிந்த பிறகு எங்கள் தோட்டத்து ஆள் ஒருவர் திரும்பி வந்து, மாமா சயாம் போய்ச் சேர்ந்த இரண்டாம் மாதம் வாந்திபேதியில் செத்துப்போனதாகவும், தானே அவரை மூங்கில் குவியலில் வைத்து எரித்ததாகவும் அக்காவிடம் சொன்னார். அந்த லாரியில் முப்பத்தொரு பேர் போனார்கள். இரண்டு பேர் திரும்பினார்கள்.