மாமி வீட்டில் கலோரி எண்ணியது

என் மூத்த சகோதரிக்கு, ராத்தாவுக்கு, சிறுநீரகம் கொடுக்கத் தயார் என்று சொன்னபோது டாக்டர் என் கையைக் குலுக்குவார் என்று நினைத்திருந்தேன். அவர் என் வயிற்றைப் பார்த்தார். "எட்டுக் கிலோ குறைச்சிட்டு வாங்க" என்றார். இரத்தம் பொருந்தியது, மற்றதெல்லாம் பொருந்தியது. தொந்தி மட்டும் பொருந்தவில்லை. ராத்தாவோ வாரத்தில் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு படுத்துக் கிடந்தார்.

எங்கள் கல்முனைப் பக்கம் கல்யாணம் முடித்த ஆண் மனைவி வீட்டுக்குத்தான் குடிபோவான். நான் பதினொரு வருடமாக மனைவியின் உம்மா, என் மாமி, ஆக்கிப்போடும் சோற்றைத் தின்கிறவன். அந்த வீட்டில் மருமகன் சோற்றை மிச்சம் வைத்தால் அதற்குப் பெயர் பசியின்மை அல்ல, கோபம். மாலைக்குள் தெருவே விசாரிக்கும். சிறுநீரக விஷயம் தெரிந்தால் மாமி விடமாட்டார் என்பதால் மனைவியிடம் மட்டும் சொல்லி, வாயைத் திறக்கக் கூடாது என்று கேட்டிருந்தேன்.

கலோரி பார்க்கும் ஆப் ஒன்றைக் கைப்பேசியில் இறக்கினேன். ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐநூறு. மாமியின் காலைச் சாப்பாட்டிலேயே ஆயிரம் போய்விடும். தேங்காய்ப்பூ நிறைந்த பிட்டு, மாட்டிறைச்சிக் கறி, முடிவில் சீனி போட்ட எருமைத் தயிர். "மருமகன், இன்னுங் கொஞ்சம்" என்று பின்னாலிருந்து அகப்பை வரும். கையால் மறைத்தால் விரல் மேலேயே போடுவார். பிறகு நான் குளியலறையைப் பூட்டிக்கொண்டு, களவாகச் சிகரெட் குடிக்கிறவனைப் போல, தின்றதையெல்லாம் ஆப்பில் பதிவேன்.

மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தேன். திங்களும் வியாழனும் நபிவழியில் விரும்பியவர் பிடிக்கும் சுன்னத்தான நோன்பு. நோன்பாளியை யாரும் சாப்பிடச் சொல்ல முடியாதே. நோன்பு பிடிப்பதாக மனதில் நிய்யத் வைக்கும்போது எடையும் நினைவில் வந்தது, அல்லாஹ் மன்னிக்கட்டும். முதல் வியாழன் பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்ல, நோன்பு துறக்க வந்து மேசையைப் பார்த்தேன். இறைச்சிக் கஞ்சி, கட்லட், ரோல்ஸ், வட்டிலப்பம். மருமகனுக்கு ஈமான், இறைநம்பிக்கை, கூடிவிட்டதென்று மாமிக்கு ஒரே சந்தோஷம். அடுத்த திங்கள் விடியுமுன் உண்ணும் சஹருக்கும் அவரே எழும்பிச் சோறாக்கினார்.

ஐந்து வாரம் கழித்துத் தராசில் ஏறினேன். இரண்டு கிலோ கூடியிருந்தது. அன்றைக்கென்று பார்த்து ராத்தா தொலைபேசியில் கேட்டார்.

"தம்பி, டாக்டர்ட எப்ப போற?"

"அடுத்த மாசம்" என்றேன். வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது.

பகல் சாப்பாட்டில் பீங்கானைத் தள்ளிவைத்தேன். "மாமி, போதும். நான் மெலிய வேணும்."

"ஓம் மருமகன், தெரியும்" என்றார் மாமி. "எட்டுக் கிலோ கொறஞ்சா வெட்டி எடுப்பாங்களாமே. புள்ள அண்டைக்கே எல்லாம் சொன்னா."

மனைவி எங்கள் சின்ன மகளுக்கு மீன் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"உங்கட ராத்தாவில எனக்கும் இரக்கம் இரிக்கி. ஆனா என்ட புள்ளைக்கி நீங்க வேணும்" என்று சொல்லிப் பீங்கானைத் திரும்ப என் முன்னால் இழுத்து, சோற்றைப் போட்டார்.

எழும்பிப் போயிருக்க வேண்டும். சோற்றைப் பிசைந்தேன். கோபம் இருந்தது, உண்மைதான். ஆனால் அந்த முதல் வாயை விழுங்கும்போது எனக்குள் நிம்மதியும் இருந்தது. அதை மட்டும் ராத்தாவிடம் என்னால் சொல்ல முடியாது.